உதவியாளர் தரவைப் பார்க்க மறுத்தால்: எம்சிபி இணைப்புப் பழுதுகளை அறிகுறி பார்த்துச் சரிசெய்தல்

நிலாவெளி விடுதிகளின் முன்பதிவு, மீன் வியாபாரிகளின் கொள்முதல் கணக்கு, கோணேசபுரி வளாகத்து மாணவர்களின் இறுதியாண்டுச் செயற்றிட்டம் என்று எதை எடுத்தாலும் என்னிடம் வரும் முறைப்பாடு ஒன்றுதான்: "உதவியாளர் நன்றாக வேலை செய்கிறது, ஆனால் எங்கள் தரவை மட்டும் பார்க்க மாட்டேன் என்கிறது." உதவியாளர் என்பது இங்கே செயற்கை நுண்ணறிவு உதவியாளர். க்ளோட் கோட், கேர்சர், விஎஸ் கோட் என எதில் அதைப் பயன்படுத்தினாலும் இந்த இணைப்பு பெரும்பாலும் எம்சிபி வழியாகவே நடக்கிறது. உதவியாளரை வெளித் தரவுகளோடும் கருவிகளோடும் இணைப்பதற்காக ஆந்த்ரோபிக் நிறுவனம் 2024 நவம்பரில் வெளியிட்ட திறந்த நெறிமுறை அது.

பழுது மூன்று இடங்களில் ஒன்றில் இருக்கும். நீங்கள் பேசும் உதவியாளர் ஒன்று. நடுவில் ஓடும் எம்சிபி சேர்வர் என்ற சிறிய நிரல் மற்றொன்று. அதற்கு அப்பால் உள்ள தரவுத்தளமோ இணையச் சேவையோ மூன்றாவது. எந்த இடம் என்று தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. தெரியாமல் மூன்றிலும் ஒரே நேரத்தில் கை வைத்தால், எது சரிசெய்தது, எது புதிதாகக் கெடுத்தது என்று பிறகு யாராலும் சொல்ல முடியாது. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள்.

நேரம் இல்லாதவர்கள் அறிகுறி 6-ஐ மட்டுமாவது படியுங்கள். மற்றப் பழுதுகள் வேலையைத் தாமதப்படுத்தும். அந்த ஒன்று பிழையான எண்ணைச் சரியான எண் போலக் கையில் தந்துவிடும்.

## எந்த அறிகுறியாக இருந்தாலும் முதலில்

முழுதாக மூடித் திறவுங்கள். எந்தச் சேர்வரை எப்படி ஓட்டுவது என்று உதவியாளருக்குச் சொல்வது அமைப்புக் கோப்பு. அதில் செய்த மாற்றத்தைப் பல நிரல்கள் தொடங்கும்போது மட்டுமே படிக்கின்றன. க்ளோட் டெஸ்க்டாப் செயலியின் ஜன்னலை மூடினாலும் விண்டோஸில் அது கடிகாரத்தின் பக்கத்தில் உள்ள சின்னங்களுக்குள் ஓடிக்கொண்டிருக்கும். அங்கே வலது சொடுக்குப் போட்டு வெளியேறுங்கள்.

சேர்வரைக் கையால் ஓட்டிப் பாருங்கள். அமைப்புக் கோப்பில் உள்ள அதே கட்டளையை, அதே வரிசையில், டெர்மினலில் தட்டச்சுச் செய்யுங்கள். இரண்டில் ஒன்று நடக்கும்.

- எதுவும் சொல்லாமல், அல்லது ஓரிரு வரி சொல்லிவிட்டு, சுட்டி மட்டும் மினுங்கிக்கொண்டு நிற்கிறது: சேர்வர் நலமாக இருக்கிறது, உதவியாளரின் அழைப்புக்காகக் காத்திருக்கிறது. இதைத் "தொங்கிவிட்டது" என்று எண்ணிப் பலர் கணினியையே அணைத்துவிடுகிறார்கள். கொன்ட்ரோல், சி அழுத்தி வெளியேறினால் போதும். பழுது உதவியாளரின் பக்கத்தில் இருக்கிறது.
- உடனே கட்டளை வரி திரும்பி வருகிறது: சேர்வர் இறந்துவிட்டது. கடைசியாக அச்சான வரிகளைப் படியுங்கள். காரணம் அநேகமாக அங்கேயே எழுதியிருக்கும்.

பதிவுக் கோப்பு எங்கே என்று தெரிந்துகொள்ளுங்கள். விஎஸ் கோட், கேர்சர் இரண்டிலும் அவுட்புட் பலகத்தில் எம்சிபி என்ற பெயரைத் தேர்ந்தெடுத்தால் பதிவு தெரியும். க்ளோட் டெஸ்க்டாப்பில் ஒவ்வொரு சேர்வருக்கும் தனிப் பதிவுக் கோப்பு உண்டு. க்ளோட் கோட்டில் "க்ளோட் எம்சிபி லிஸ்ட்" என்ற கட்டளை எது இணைந்தது, எது இணையவில்லை என்று காட்டும்.

## அறிகுறி 1: சேர்வரின் பெயரே பட்டியலில் இல்லை

உதவியாளர் உங்கள் அமைப்புக் கோப்பைப் படிக்கவில்லை, அல்லது படித்துப் புரிந்துகொள்ளவில்லை. செலவே இல்லாத பழுது. முகத்தைக் கோப்புக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

கோப்பு சரியான இடத்தில், சரியான பெயரில் இருக்கிறதா? நோட்பேடில் சேமித்தால் ஜேசன் (அமைப்புக் கோப்பு எழுதப்படும் வடிவம்) என்று முடியவேண்டிய பெயருக்குப் பின்னால் டெக்ஸ்ட் என்ற வாலும் ஒட்டிக்கொள்ளும். விண்டோஸ் அந்த வாலை மறைத்துவைக்கும். எக்ஸ்ப்ளோரரில் கோப்பு நீட்சிகளைக் காட்டும்படி அமைத்துவிட்டுப் பாருங்கள்.

மேலே உள்ள தலைச்சொல் அந்த நிரலுக்கு உரியதா? க்ளோட், கேர்சர் இரண்டும் "எம்சிபிசேர்வர்ஸ்" என்ற தலைச்சொல்லின் கீழ்த் தேடுகின்றன. விஎஸ் கோட்டின் எம்சிபி கோப்பில் அது வெறும் "சேர்வர்ஸ்". ஒன்றுக்கான எடுத்துக்காட்டை மற்றொன்றில் ஒட்டினால் சில வேளை பிழைச் செய்திகூட வராது. பட்டியல் வெறுமையாக இருக்கும்.

ஜேசன் உடைந்திருக்கிறதா? கடைசி உறுப்புக்குப் பின் மிஞ்சிய காற்புள்ளி, மூடாத அடைப்பு, வேர்டில் ஒட்டி எடுத்ததால் வளைந்துபோன மேற்கோள் குறி ஆகியவைதான் வழக்கமான குற்றவாளிகள். கோப்பை விஎஸ் கோட்டில் திறந்தால் உடைந்த இடத்தில் சிவப்புக் கோடு விழும்.

பின்சாய்கோடு. இதைத் தனியாகச் சொல்லக் காரணம் இருக்கிறது. விண்டோஸ் பாதைகளில் வரும் பின்சாய்கோட்டை ஜேசனுக்குள் இரண்டு முறை எழுத வேண்டும். ஒரு முறை மட்டும் எழுதினால் பெரும்பாலும் பிழைச் செய்தி வரும், கண்டுபிடித்துவிடலாம். ஆனால் பின்சாய்கோட்டுக்கு அடுத்து ஆங்கிலச் சிறிய எழுத்து "என்" வந்தால் ஜேசன் அதைப் புதுவரி என்று படிக்கும். "டி" வந்தால் தாவல் இடைவெளி என்று படிக்கும். பிழையே வராது, பாதை மட்டும் நொறுங்கிப்போகும். நம் ஊரில் கோப்புறைகளுக்கு வைக்கும் பெயர்களை யோசித்துப் பாருங்கள். நிலாவெளி ஆங்கிலத்தில் "என்"-இல் தொடங்குகிறது, திருகோணமலை "டி"-யில் தொடங்குகிறது. பாதை சரியாகத்தானே இருக்கிறது என்று மணிக்கணக்கில் பார்த்துக்கொண்டிருப்பவர்களின் திரையில் நான் காண்பது இதைத்தான். முன்சாய்கோட்டைப் பயன்படுத்துங்கள், பெரும்பாலான சேர்வர்கள் விண்டோஸிலும் அதை ஏற்றுக்கொள்கின்றன.

க்ளோட் கோட் மட்டும்: ஒரு கோப்புறைக்குள் நின்று சேர்வரைச் சேர்த்தால் இயல்பாக அது அந்தச் செயற்றிட்டத்துக்கு மட்டுமே உரியது. வேறு கோப்புறையைத் திறந்தால் தெரியாது. எல்லா இடத்திலும் வேண்டுமென்றால் சேர்க்கும்போதே நோக்கெல்லையை (ஸ்கோப்) "யூசர்" என்று கொடுங்கள். குழுவாகப் பகிரும் அமைப்புக் கோப்பாக இருந்தால் முதல் முறை ஒப்புதல் கேட்கும். அப்போது அவசரத்தில் மறுத்திருந்தால் மறுப்பு நினைவில் இருக்கும்; "க்ளோட் எம்சிபி ரீசெட் ப்ரொஜெக்ட் சொய்சஸ்" என்ற கட்டளையை, சொற்களுக்கிடையே உரிய ஹைபன்களோடு, கொடுத்து அழிக்க வேண்டும்.

இந்த அறிகுறிக்கு யாருக்கும் பணம் கொடுக்காதீர்கள்.

## அறிகுறி 2: பெயர் இருக்கிறது, ஆனால் சிவப்பு, "இணைப்பு மூடப்பட்டது" என்கிறது

### கையால் ஓட்டினாலும் இறக்கிறது என்றால்

பல சேர்வர்களை ஓட்டுவது நோட் என்ற ஜாவாஸ்கிரிப்ட் இயக்கி. அதன் பதிப்பைப் பாருங்கள். எம்சிபியின் டைப்ஸ்கிரிப்ட் நூலகத்துக்கு நோட் 18 அல்லது அதற்கு மேல் வேண்டும். பழைய கணினிகளில் எப்போதோ நிறுவிய 14-உம் 16-உம் இன்னும் கிடக்கின்றன. அடுத்து, சூழல் மாறி (நிரலுக்கு வெளியிலிருந்து கொடுக்கும் அமைப்பு மதிப்பு) எதுவும் விடுபட்டதா என்று பாருங்கள். வெளிச் சேவையை அணுகும் இரகசியமான ஏபிஐ விசையை வழக்கமாக அப்படித்தான் கொடுப்போம். "ஏபிஐ விசை இல்லை" என்று சேர்வர் சொல்லிவிட்டே இறந்திருக்கும்.

### கையால் ஓடுகிறது, உதவியாளருக்குள் இறக்கிறது என்றால்

எளிதிலிருந்து கடினத்துக்கு இந்த வரிசையில் வாருங்கள்.

பதிவில் "ஈநோஎன்ட்" என்று இருந்தால் கட்டளையையே கண்டுபிடிக்க முடியவில்லை என்று பொருள். விண்டோஸில் "என்பிஎக்ஸ்" (நோட்டுடன் வரும், பொதியை இறக்கி ஓட்டும் கட்டளை) என்பதை நேரடியாகக் கட்டளையாகக் கொடுத்தால் பல நிரல்கள் தடுமாறும். கட்டளை இடத்தில் "சிஎம்டி" என்றும், வாதங்களின் தொடக்கத்தில் "/சி", "என்பிஎக்ஸ்" என்றும் கொடுங்கள். மக்கிலும் லினக்ஸிலும் என்விஎம் வழியாக நோட் நிறுவியவர்களுக்கு வேறு சிக்கல்: டெர்மினலுக்குத் தெரிந்த பாதை, சின்னத்தைச் சொடுக்கித் திறந்த செயலிக்குத் தெரியாது. "விச் நோட்" என்று கேட்டு வரும் முழுப் பாதையையும் அமைப்புக் கோப்பில் எழுதிவிடுங்கள். ஏபிஐ விசைகளுக்கும் இதே நியாயம். டெர்மினலில் வைத்த சூழல் மாறி செயலிக்குப் போய்ச் சேராமல் போகலாம். அமைப்புக் கோப்பின் "என்வி" பகுதியில் எழுதுங்கள்.

என்பிஎக்ஸ் கட்டளையில் "ஹைபன் வை" இருக்கிறதா? இல்லாவிட்டால் சில வேளை "நிறுவட்டுமா?" என்று கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்கக்கூடும். பதில் சொல்ல அங்கே ஆள் இல்லை.

டொக்கரில் (நிரல்களைத் தனித்தனிப் பெட்டிக்குள் ஓட்டும் மென்பொருள்) ஓட்டுகிறீர்கள் என்றால் "டொக்கர் ரன்" கட்டளையில் "ஹைபன் ஐ" கட்டாயம். அது இல்லாமல் உள்ளீட்டு வாசல் திறக்காது. சேர்வர் எழுந்தவுடனே படுத்துவிடும்.

இணைய வேகம் இங்கே மெய்யான காரணம். என்பிஎக்ஸ் முதல் முறை ஓடும்போது பொதியைப் பதிவிறக்கும். பயணிகள் நிறையும் பருவத்தில் உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் இரவில் டொங்கிளை நம்பி வேலை செய்பவர்களுக்குப் பதிவிறக்கம் முடிவதற்குள் உதவியாளரின் பொறுமை முடிந்துவிடும். வேகம் இருக்கும் நேரத்தில் பொதியை நிரந்தரமாக நிறுவிவிட்டு, அமைப்புக் கோப்பில் அந்த நிறுவிய நிரலையே கூப்பிடுங்கள். க்ளோட் கோட்டில் "எம்சிபி_டைம்அவுட்" என்ற சூழல் மாறியை 60000 என்று வைத்தால் 60 விநாடி காத்திருக்கும்.

சேர்வரை நீங்களே எழுதியிருந்தால் முதலில் சந்தேகிக்க வேண்டியது உங்கள் அச்சு வரிகளை. ஒரே கணினிக்குள் இயங்கும் எம்சிபி சேர்வர் தன் வெளியீட்டு வாசல் வழியாகத்தான் உதவியாளருடன் பேசுகிறது. அந்த வாசலில் நெறிமுறைச் செய்தி தவிர வேறு ஓர் எழுத்தும் போகக்கூடாது. சோதிப்பதற்காகப் போட்ட "இணைந்துவிட்டேன்" என்ற ஒரு பிரின்ட் வரி போதும், உரையாடல் உடைந்துவிடும். பதிவில் "எதிர்பாராத குறி, செல்லாத ஜேசன்" என்ற பொருளில் செய்தி இருக்கும்; அதற்குப் பக்கத்திலேயே உங்கள் வாசகத்தின் முதல் எழுத்துகள் தெரியும். பைத்தனில் பிரின்ட்டை எஸ்டிடிஎர் பக்கம் திருப்புங்கள். ஜாவாஸ்கிரிப்டில் கொன்சோல் லொக்கைக் கொன்சோல் எரர் ஆக்குங்கள். வளாக மாணவர்கள் கொண்டுவரும் செயற்றிட்டங்களில் இதைத்தான் முதலில் தேடுகிறேன்.

## அறிகுறி 3: பச்சை எரிகிறது, ஆனால் கருவியைத் தொடவே மாட்டேன் என்கிறது

கருவி என்பது சேர்வர் உதவியாளருக்குச் செய்து தரும் ஒரு வேலை. விஎஸ் கோட்டில் ஏஜென்ட் நிலையில் (உதவியாளர் கருவிகளை அழைக்கும் நிலை) இருக்கிறீர்களா என்று பாருங்கள். அதில் தீராவிட்டால் கருவிகளை எண்ணுங்கள். ஒரு கோரிக்கைக்கு 128 கருவிகளுக்கு மேல் அங்கே அனுமதி இல்லை. ஆர்வத்தில் பத்துச் சேர்வர்களைச் சேர்த்தவர்கள் இந்த எல்லையைத் தொட்டுவிடுகிறார்கள். எல்லைக்குள் இருந்தாலும், ஒரே மாதிரிப் பெயருள்ள கருவிகள் அதிகமானால் உதவியாளர் எதை எடுப்பது என்று தடுமாறுகிறது. இன்றைய வேலைக்குத் தேவையில்லாததை அணைத்துவையுங்கள்.

கருவி எண்ணிக்கை பூச்சியம் என்று காட்டினால் எம்சிபி இன்ஸ்பெக்டர் என்ற இலவசச் சோதனைக் கருவியை ஓட்டுங்கள். அது உலாவியில் திறக்கும். உதவியாளர் இல்லாமலே சேர்வரின் கருவிகளைப் பட்டியலிட்டு ஒவ்வொன்றையும் கையால் அழைத்துப் பார்க்கலாம். அங்கேயும் பூச்சியம் என்றால் பழுது சேர்வரில்.

கருவி இருக்கிறது, கூப்பிடத்தான் இல்லை என்றால் விளக்க வரியைத் திருத்துங்கள். "தரவைப் பெறும்" என்று எழுதிய கருவியை உதவியாளர் ஏன் தேர்ந்தெடுக்க வேண்டும்? "குறிப்பிட்ட தேதியில் வெறுமையாக உள்ள அறைகளைக் காட்டும், விருந்தினர் முன்பதிவு பற்றிய கேள்விகளுக்கு இதையே பயன்படுத்து" என்று எழுதினால் தேர்ந்தெடுக்கும்.

## அறிகுறி 4: கருவியை அழைக்கிறது, எண் ஒன்றைக் காட்டித் திரும்பி வருகிறது

401. டோக்கன் (சேவைக்குள் நுழைய உங்களுக்குத் தந்த இரகசியக் குறி) செல்லுபடியாகவில்லை. ஒட்டும்போது முன்னாலோ பின்னாலோ ஓர் இடைவெளி சேர்ந்ததா, காலாவதியாகிவிட்டதா என்று பாருங்கள். புதிதாக ஒன்றை எடுத்துப் போடுவது தேடுவதைவிட விரைவு.

403. உங்களை அடையாளம் தெரிகிறது, அனுமதி இல்லை. டோக்கனின் உரிமைகளைத் திறந்து பாருங்கள்.

404. இதுதான் ஏமாற்றும். கிட்ஹப்பில் தனிப்பட்ட களஞ்சியத்தைப் பார்க்க டோக்கனுக்கு உரிமை இல்லையென்றால், "அனுமதி இல்லை" என்று சொல்லாமல் "அப்படி ஒன்று இல்லை" என்றே பதில் வரும். பெயரைச் சரிபார்த்துச் சரிபார்த்துக் களைத்துப்போகாமல், உரிமைகளைப் பாருங்கள்.

கூகிள் தாள்களில் இதற்கு நெருங்கிய பழுது ஒன்று உண்டு. சேவைக் கணக்கு வழியாக இணைத்திருந்தால் அந்தக் கணக்குக்கென்று நீண்ட மின்னஞ்சல் முகவரி ஒன்று இருக்கும். தாளைத் திறந்து, ஒரு மனிதருடன் பகிர்வது போலவே அந்த முகவரியுடனும் பகிர வேண்டும். நீங்கள் உரிமையாளராக இருப்பது போதாது.

404 அல்லது 405, தொலைதூரச் சேர்வரிலிருந்து. எம்சிபியின் தொடக்க விவரக்குறிப்பில் தொலைதூர இணைப்பு எஸ்எஸ்ஈ முறையில் இருந்தது. 2025 மார்ச் மாத விவரக்குறிப்பு அதன் இடத்தில் ஸ்ட்ரீமபிள் எச்டிடிபி முறையைக் கொண்டுவந்தது. பழைய முகவரியைப் புதிய முறையிலோ புதியதைப் பழைய முறையிலோ கூப்பிட்டால் இந்த எண்கள் வரும். சேவையின் இன்றைய ஆவணத்திலிருந்து முகவரியை மீண்டும் எடுங்கள்.

429. அதிகமாகக் கேட்டுவிட்டீர்கள். காத்திருங்கள்.

எண் இல்லை, "சான்றிதழ் செல்லாது" என்கிறது. கணினியின் தேதியைப் பாருங்கள். பழைய மேசைக் கணினிகளில் தாய்ப்பலகையின் பட்டன் பற்றரி தீர்ந்திருந்தால், மாரி மழையில் மின்சாரம் போய் வரும் ஒவ்வொரு முறையும் தேதி பல ஆண்டுகள் பின்னால் போய்விடும். அந்தத் தேதியில் இன்றைய சான்றிதழ்கள் இன்னும் பிறக்கவே இல்லை. சிஆர் 2032 பற்றரி ஒன்றை மாற்றுங்கள். மலிவானது, பிரதான வீதியில் மணிக்கூட்டுக் கடைகளில் கேட்டால் தருவார்கள்.

## அறிகுறி 5: தரவுத்தளம் பதில் சொல்லவில்லை

பதிவில் எந்தச் செய்தி இருக்கிறது என்பதை வைத்துப் பாதை பிரிகிறது.

### "இணைப்பு மறுக்கப்பட்டது"

கணினியை எட்டிவிட்டீர்கள், அந்த வாசலில் யாரும் கேட்டுக்கொண்டிருக்கவில்லை. தரவுத்தளச் சேவை ஓடுகிறதா என்று பாருங்கள். மின்வெட்டுக்குப் பின் அது தானாக எழும்படி அமைக்கப்படாமல் இருக்கலாம். வாசல் எண்ணை (போர்ட்) பாருங்கள்: போஸ்ட்கிரெஸ் 5432, மைஎஸ்கியூஎல் 3306. டொக்கருக்குள் ஓடும் சேர்வருக்கு "லோக்கல்ஹோஸ்ட்" என்றால் அந்தப் பெட்டிதான், உங்கள் கணினி அல்ல, டொக்கர் டெஸ்க்டாப்பில் "ஹோஸ்ட்.டொக்கர்.இன்டர்னல்" என்று கொடுங்கள். தரவுத்தளம் வேறொரு கணினியில் இருந்தால், அது 127.0.0.1-இல், அதாவது தன் கணினிக்குள்ளிருந்து வருவதை மட்டும், கேட்கும்படி அமைந்திருக்கலாம். அது பாதுகாப்புக்காகவே அப்படி வைக்கப்பட்டது.

### "நேரம் முடிந்துவிட்டது"

கணினியையே எட்டவில்லை, அல்லது தீச்சுவர் சத்தமில்லாமல் விழுங்குகிறது. ரவுட்டர் அணைந்து எரிந்ததில் சேர்வர் கணினியின் ஐபி முகவரி மாறிவிடுவதுதான் நான் அதிகம் பார்ப்பது. நேற்று 5-இல் முடிந்த முகவரி இன்று 8-இல் முடியும், அமைப்புக் கோப்பில் பழைய 5 அப்படியே இருக்கும். ரவுட்டரில் அந்தக் கணினிக்கென்று ஒரு முகவரியை ஒதுக்கிவிட்டால் இந்தத் தொல்லை தீர்ந்தது.

கடற்கரை விடுதிகளில் இன்னொன்றையும் பாருங்கள். வலையமைப்புக் கேபிளைக் கழற்றி, முனையின் எட்டுத் தகடுகளையும் வெளிச்சத்தில் பிடியுங்கள். பொன்னிறம் போய்ப் பச்சை பூத்திருந்தால் உப்புக்காற்று தின்றுவிட்டது. விட்டுவிட்டு வரும் இணைப்புக்கு அது போதுமான காரணம். முனையை வெட்டிப் புதிது பொருத்துங்கள்.

### "கடவுச்சொல் தவறு", ஆனால் கடவுச்சொல் சரி

இணைப்பு முகவரிக்குள் கடவுச்சொல்லை எழுதுகிறீர்களா? அதில் மின்னஞ்சல் முகவரிகளில் வரும் சுழிக்குறி இருந்தால், கடவுச்சொல் அங்கேயே முடிந்து கணினிப் பெயர் தொடங்குகிறது என்று நிரல் எண்ணிக்கொள்ளலாம். அந்தக் குறிக்குப் பதிலாக %40 என்று எழுதுங்கள்.

இங்கே ஆளைக் கூப்பிட வேண்டிய கோடு: வியாபாரம் ஓடிக்கொண்டிருக்கும் முதன்மைத் தரவுத்தளத்தின் தீச்சுவர், அனுமதிப் பட்டியல், கேட்கும் முகவரி ஆகியவற்றை மாற்ற வேண்டிய கட்டம் வந்துவிட்டால் நிறுத்துங்கள். கேட்கும் முகவரியில் 0.0.0.0 (யார் கூப்பிட்டாலும் கேள்) என்று எழுதினால் உதவியாளர் உடனே இணையும். ரவுட்டரின் வாசலும் திறந்திருந்தால் உலகமே இணையும். முன்பதிவு மென்பொருளை விற்றவர்களிடமோ வலையமைப்பு அமைத்தவரிடமோ கேளுங்கள்.

## அறிகுறி 6: எல்லாம் பச்சை, பதில் மட்டும் தவறு

பொறுமையாகப் பாருங்கள்.

### கருவியை உண்மையிலேயே அழைத்ததா?

உரையாடலில் பின்னோக்கிப் போய், கருவி அழைப்புப் பெட்டி இருக்கிறதா என்று தேடுங்கள். அதைத் திறந்தால் போன கேள்வியும் வந்த பதிலும் தெரியும். பெட்டியே இல்லையென்றால் அந்த எண் உங்கள் தரவிலிருந்து வரவில்லை. உதவியாளர் தானே கட்டியது. கருவி தோல்வியடைந்த பின்னும் சரளமாகப் பதில் சொல்லிவிடுவதுண்டு. "கருவி பதில் தராவிட்டால் ஊகிக்காதே, தோல்வி என்று சொல்லி நிறுத்து" என்று செயற்றிட்டத்தின் அறிவுறுத்தல் கோப்பில் எழுதிவையுங்கள். அது உதவும். ஆனாலும் பெட்டியைப் பார்ப்பதை விட்டுவிடாதீர்கள்.

### தமிழ்ப் பெயர்கள் ஆங்கிலக் குப்பையாக வருகின்றன

பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்து, வாயில் நுழையாத எழுத்துக்கூட்டம் வருகிறதா? தரவு பாமினி எழுத்துருவில் தட்டச்சுச் செய்யப்பட்டது. அலுவலகங்களிலும் சங்கங்களிலும் இருக்கும் பழைய எக்செல் தாள்களில் இது நிறைய. திரையில் தமிழாகத் தெரிவது எழுத்துருவின் வேடம். உள்ளே இருப்பது ஆங்கில எழுத்து. உதவியாளர் உள்ளே இருப்பதைத்தான் படிக்கிறது.

இதில் மறைந்திருக்கும் கண்ணி ஒன்று உண்டு. பாமினியில் மெய்யெழுத்தின் புள்ளி என்பது அரைப்புள்ளி. "இ" என்பது காற்புள்ளி. மேற்கோள் குறி இடாமல், நெடுவரிசைகளைக் காற்புள்ளியால் பிரிக்கும் சிஎஸ்வி கோப்பாக ஏற்றுமதி செய்தால் இரத்தினம், இராசையா போன்ற பெயர்கள் வரும் ஒவ்வொரு வரியிலும் ஒரு நெடுவரிசை கூடுதலாகப் பிரிந்து, தொகை இருக்க வேண்டிய இடத்தில் பெயரின் மீதி உட்கார்ந்திருக்கும். கூட்டுத்தொகை பிழைக்கும், காரணம் தெரியாது.

யூனிகோடாக மாற்றுங்கள். ஆனால் இருந்த நெடுவரிசையிலேயே மாற்றாமல் புதிய நெடுவரிசை ஒன்றில் மாற்றுங்கள். அதே நெடுவரிசையில் ஆங்கிலத்தில் எழுதிய பெயர்களும் கலந்திருந்தால் மாற்றும் மென்பொருள் அவற்றையும் தமிழ்க் குப்பையாக்கிவிடும். முதல் இருபது வரிகளைக் கண்ணால் படித்துவிட்டே மற்றதைத் தொடுங்கள்.

### தமிழ் இருக்கும் இடத்தில் கேள்விக்குறிகள்

தரவுத்தளத்தை அதற்குரிய நிரலில் நேராகத் திறந்து பாருங்கள். அங்கே தமிழ் தெரிந்தால் இணைப்பின் குறியாக்கம்தான் தவறு. மைஎஸ்கியூஎல் என்றால் யூடிஎஃப்8எம்பி4 என்று அமையுங்கள். அங்கேயும் கேள்விக்குறி என்றால் சேமிக்கும்போதே எழுத்து அழிந்துவிட்டது. எந்த மென்பொருளாலும் மீட்க முடியாது. பழைய காப்புப் பிரதியைத் தேடுங்கள். பைத்தனில் எழுதிய சேர்வர் விண்டோஸில் "சார்மேப்" என்று முறைப்பட்டு இறந்தால், அமைப்புக் கோப்பின் என்வி பகுதியில் "பைத்தன்யூடிஎஃப்8" என்ற மாறிக்கு 1 கொடுங்கள்.

### நாட்கணக்கு ஒரு நாள் பிசகுகிறது

இலங்கை நேரம் உலகப் பொது நேரத்தைவிட 5 மணி 30 நிமிடம் முன்னால். பல தரவுத்தளங்கள் பொது நேரத்தில் சேமிக்கின்றன. இங்கே காலை 5.30-க்கு முன் நடந்த எதுவும் அங்கே முந்திய நாளில் விழும். அலுவலக நேரத்தில் இயங்கும் கடைக்கு இது தெரியவே தெரியாது. விடியுமுன் படகு கரைக்கு வந்து, இருள் கலையுமுன் ஏலம் போகும் மீன் வியாபாரத்தில் நாளின் முக்கியக் கொள்முதலே இடம் மாறிவிடும். செவ்வாய்க்கிழமை நாலரை மணிக்கு எடுத்த அறுக்குளா திங்கட்கிழமைக் கணக்கில் நிற்கும். ஐந்தேமுக்காலுக்கு எடுத்த சூரை செவ்வாயில் நிற்கும். மாத முடிவில் கூட்டுத்தொகை கிட்டத்தட்டச் சரியாக வருவதால் யாரும் சந்தேகிக்க மாட்டார்கள்.

சோதனை எளிது. விடியுமுன் நடந்த ஒரு கொள்முதலைத் துண்டோடு எடுத்து, அது எந்த நாளில் என்று உதவியாளரிடம் கேளுங்கள். தவறினால், நாள் வாரியாகத் தொகுக்கும் முன் நேரத்தை "ஏசியா/கொலம்போ" வலயத்துக்கு மாற்றும்படி கருவிக்குள்ளேயே எழுதுங்கள். உதவியாளரின் நினைவுக்கு விடாதீர்கள்.

### தொகை குறைவாக இருக்கிறது

பதில் நீளமானதால் வெட்டுப்பட்டிருக்கலாம். க்ளோட் கோட்டில் கருவி ஒன்றின் பதிலுக்கு இயல்பான எல்லை 25,000 டோக்கன் (இங்கே நுழைவுக் குறி அல்ல, எழுத்துத் துண்டு). எல்லையை உயர்த்துவதைவிட, கூட்டலைத் தரவுத்தளத்திடமே செய்யச் சொல்லி விடையை மட்டும் வாங்குவது நல்லது.

## அறிகுறி 7: கேட்காததைச் செய்துவிட்டது

வரிசைகள் காணாமல் போனாலோ மாறியிருந்தாலோ உதவியாளரிடமே "திரும்பச் சரிசெய்" என்று சொல்லாதீர்கள். முதலில் சேர்வரை அணையுங்கள். பிறகு டோக்கனையோ தரவுத்தளக் கணக்கையோ முடக்குங்கள். காப்புப் பிரதியை மேலெழுதும் தானியங்கி வேலை ஏதும் இருந்தால் அதையும் நிறுத்துங்கள். இவ்வளவும் செய்த பின் தரவுத்தளம் தெரிந்தவரைக் கூப்பிடுங்கள். இந்த அறிகுறிக்கு நீங்களாக முயன்று பார்க்கும் படி எதுவும் இல்லை.

இது நடக்காமல் இருக்க, உதவியாளருக்கென்று படிக்க மட்டும் உரிமையுள்ள தனிக் கணக்கைத் தரவுத்தளத்திலேயே உருவாக்குங்கள். "அழிக்காதே" என்று வாயால் சொல்வது காவலாகாது. விருந்தினர் எழுதிய கருத்து, வெளியிலிருந்து வந்த மின்னஞ்சல் போன்றவற்றுக்குள் உதவியாளரை ஏவும் வாக்கியங்களை யாராவது புதைத்துவைக்க முடியும். உதவியாளர் அதை உங்கள் கட்டளை என்று எடுத்துக்கொள்ளக்கூடும். எழுத உரிமையுள்ள கருவிகளுக்கு ஒவ்வொரு முறையும் ஒப்புதல் கேட்கும் அமைப்பை அணைக்காதீர்கள். கடவுச்சீட்டு எண், தொலைபேசி எண் உள்ள விருந்தினர் பதிவேடு என்றால் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தையும் மனதில் வைத்து, அந்த நெடுவரிசைகளைக் கணக்கின் பார்வையிலிருந்தே நீக்கிவிடுங்கள்.

## ஆளைக் கூப்பிடும்போது கையில் இருக்க வேண்டியவை

பதிவுக் கோப்பின் கடைசி ஐம்பது வரி, அமைப்புக் கோப்பின் பிரதி, உதவியாளர் மற்றும் நோட் அல்லது பைத்தனின் பதிப்பு எண், கையால் ஓட்டியபோது என்ன நடந்தது, கடைசியாக ஓடிய நாளுக்குப் பிறகு என்ன மாறியது. திரையைத் தொலைபேசியில் படம் பிடித்து அனுப்பாமல் எழுத்தாகவே அனுப்புங்கள்; படத்தில் இடைவெளியும் மேற்கோள் குறியும் தெரியாது. அனுப்பும் முன் டோக்கன்களையும் கடவுச்சொற்களையும் நீக்கிவிடுங்கள். ஏற்கெனவே வாட்ஸப்பில் அப்படியே அனுப்பிவிட்டீர்கள் என்றால், செய்தியை அழிப்பதோடு நிற்காமல் அந்த டோக்கனை இன்றே இரத்துச் செய்து புதிதாக ஒன்று எடுங்கள்.